மூணுல ஒண்ணு

குதிகால் வெடிப்பில் உப்புத்தண்ணி இறங்கி, நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் பால்சாமிக்கு ஊசி குத்தியது. பகலெல்லாம் சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தில் வாரிக் குவித்த கால். சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் அங்கே கங்காணியின் வாய் மட்டும் மாறவில்லை. அந்தக் காலோடுதான் சாயங்காலம் சதக்கத்துல்லா மரைக்காயர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் கிளாரினெட்டோடு நின்றான். எதிரே இன்னொரு கிளாரினெட்டோடு முனியசாமி. உப்புப் பாத்தியிலும் பேண்டு செட்டிலும் அவன்தான் கூட்டாளி.

பந்தலில் மதுரை நாடகக் கம்பெனி முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் பால்சாமிக்கு மாதச் சம்பளம், உப்பளத்துக்கு முழுக்கு. அதற்கென்றே ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். தண்ணியில் தெரிகிற நிழல் மாதிரி, இவன் சுரத்தில் ஒரு படி ஏறினால் முனியசாமி ஒரு படி இறங்கணும். இவன் இறங்கினால் அவன் ஏறணும். நடுவில் மூன்று துண்டு. அதில் எந்த ஒன்றை வாசிப்பது என்பது முனியசாமி இஷ்டம். பிறகு ரெண்டு பேரும் வாசித்த சுரங்களையே கடைசியிலிருந்து பிடித்து வந்த வழியே திரும்பணும்.

"எந்தத் துண்டுன்னு முன்கூட்டிச் சொல்லாத. அந்நேரம் ஒனக்கு என்ன தோணுதோ அத எடு. அதாம்ல இந்தப் பாட்டோட உசுரு" என்று பெருமை பேசியவனும் பால்சாமிதான்.

முதல் பாதி சுத்தமாக வந்தது. நடுவுக்கு வந்ததும் முனியசாமி விரல் பறக்கிற முதல் துண்டைத் தொடாமல் விட்டான், குலுக்கலான இரண்டாவதையும் தொடவில்லை. ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிற மூன்றாவதை எடுத்தான். நீட்டினான், நீட்டிக்கொண்டே இருந்தான். முதலாளி எழுந்து வெளியே போனார்.

பால்சாமிக்குத் தலைக்கேறியது. நல்ல வீட்டில் சங்கு ஊதுகிறானே! பொறுக்காமல் முதல் துண்டைத் தானே பிடுங்கி வாசித்தான். பாட்டு முறிந்தது. திரும்ப வழி தெரியாமல் ரெண்டு கிளாரினெட்டும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றன. பந்தலே சிரித்தது.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்த முதலாளி, "அந்த நீட்டு நல்லாத்தானப்பா இருந்துச்சு. ஏன் கெடுத்த?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

பால்சாமி நேரே முனியசாமியின் சட்டையைப் பிடித்தான்.

"கவுத்துட்டியேலே!"

"நானா? மூணுல ஒண்ண எடுன்ன, எடுத்தேன்."

"யாரு வந்திருக்கான்னு பாத்து எடுக்க வேணாமா?"

"அப்ப ஒனக்குப் புடிச்சதத்தான் எடுக்கணும். கங்காணியும் இதத்தாம்ல சொல்றான். எங்கன வேணா வாரு, ஆனா நான் காட்டுற பாத்தியில வாரு!"

கொட்டுக்காரர்கள் கெக்கலித்தார்கள். பால்சாமி கையை ஓங்கிவிட்டான். அடி வாயில் விழுந்து கீழுதடு கிழிந்தது.

மறுநாள் பாத்தியில் ரெண்டு பேரும் எதிரெதிரே நின்று உப்பு வாரினார்கள். முனியசாமியின் உதடு பன்னு மாதிரி வீங்கியிருந்தது. அடுத்த வாரம் மாரியூரில் மூன்று கல்யாணம். ஒன்றிலும் அவனால் ஊத முடியாது. பால்சாமி நிமிரவேயில்லை. ஆத்திரத்தில் உப்பை வாரி வாரி எறிந்தான்.

நாலு பேர் முன்னால் அடித்ததற்கு நாலு பேர் முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பு, பால்சாமி முனியசாமிக்கு இன்னும் பாக்கி.