பாபநாசம் பத்து நிமிஷம்

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பாபநாசம் பத்து நிமிஷம்தான். உண்மையில் ஆற்றில் பாலம் கிடையாது, சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆகும். அதைச் சொன்னால் எவன் பெண் கொடுப்பான்? கல்யாணப் பேச்சில் சொல்லிப் பழகிய பொய்யைப் போன வருடம் கணக்கெடுக்க வந்தவர்களிடமும் சொல்லிவைத்தார்கள். டவுனுக்குப் போக ஆகும் நேரத்தை வைத்து ஊர்களை மையம், இடைநிலை, விளிம்பு என்று பிரிக்கிறார்கள். விளிம்புக்குத்தான் மினி பஸ். நாங்கள் 'மையம்' ஆனோம், பஸ் வரவில்லை. பிளஸ் டூ முடித்த பெண்கள் வீட்டோடு நின்றார்கள். ஹாஸ்டலில் கிடந்து டிகிரி வாங்கியவள் நான் ஒருத்திதான். மனு மேல் மனு போட்டு மறுபடி கணக்கெடுக்க ஆள் வரவழைத்தேன். மனு போட்ட வீட்டில் கேட்டால் போதுமாம்.

கணக்கெடுக்கும் பையன் பாசித் டேப்லெட்டோடு வந்த நேரம், அண்ணன் சூர்யபிரகாஷுக்குப் பெண் தர இருந்தவர்கள் வீடு பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, பாபநாசம் போக எவ்வளவு நேரமாகும்?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "பத்து நிமிஷம் தம்பி. கூப்பிடு தூரம்."

"பொய். ஒரு மணி நேரம்" என்றேன்.

"படிச்ச பொண்ணுல்ல, எதுக்கும் எதிர்த்துப் பேசும்" என்று அப்பா விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார்.

பாசித் நெளிந்தான். "வீட்டுப் பெரியவங்க சொல்றதைத்தான்க்கா நான் போடணும்."

பெண்ணின் மாமா பஞ்சநதம் டம்ளரைக் கீழே வைத்தார். மத்தியானம் கும்பகோணத்திலிருந்து யாரோ இவர்களைக் காரில் வேறு வழியாகக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள்; பாபநாசம் வழி இவர்களுக்குத் தெரியாது. "நல்லதாப் போச்சு. ஆறு மணிக்குப் பாபநாசத்துல ரயிலு. சாவகாசமா அஞ்சே முக்காலுக்குக் கிளம்புறோம். இன்னொரு காபி குடுங்கம்மா."

மணி ஐந்தாகப் போகிறது. அம்மா எழுந்திருக்காமல் அப்பாவையே பார்த்தாள். பெண் கொடுக்க வந்தவர்களை ரயிலைத் தவறவிட வைப்பதா?

"காபி இருக்கட்டுங்க" என்றார் அப்பா. "இப்பவே கிளம்புங்க. ரயிலு போயிடும்."

"அப்ப எவ்வளவுன்னு போடட்டுங்க ஐயா?" என்றான் பாசித்.

"ஒரு மணி நேரம்." தரையைப் பார்த்துச் சொன்னார்.

பஞ்சநதம் எழுந்து துண்டை உதறினார். "பொண்ணு விஷயம் போன்ல சொல்றோங்க."

அவர்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோ போனது. டேப்லெட்டில் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'விளிம்பு' என்று விழுந்தது. இதற்காகத்தான் இவ்வளவு அலைந்தேன். ஆனாலும் பார்த்ததும் சுருக்கென்றது. ஊருக்கே சோறு போடுகிற வயலில் நிற்பவர்கள் எதற்கு விளிம்பு, யாருக்கு விளிம்பு?

"திருப்தியா?" என்றார் அப்பா.

"பஸ்சு வரட்டும், சொல்றேன்."

"வந்தா மொத ஆளா உங்கண்ணனை ஏத்திவிடு. இனிமே அவனேதான் போய்ப் பொண்ணு தேடணும்."