சம்பந்தியோடு நூற்றிருபது கிலோமீட்டர்

குச்சி எனக்குச் சம்பந்தியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நாற்பத்தைந்து வருடம் அவள் என் தோழி. தோழியாக இருந்தபோது என் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். என் புதுச் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போய் வாரை அறுத்துக் கொண்டுவந்திருக்கிறாள். என் கல்யாணப் போட்டோவைப் பார்த்து, "மூஞ்சிய ஏண்டி இப்படி வெச்சிருக்க, பல்வலியா?" என்று கேட்டிருக்கிறாள். இப்போது போனை எடுத்தால், "நல்லா இருக்கீங்களா சம்பந்தி? சாப்டீங்களா?" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பையனும் அவள் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று தெரிந்த அன்று எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட, "பேனாவ நேரா புடிடி" என்று என் விலாவில் குத்தினாள். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் திடீரென்று 'டி' போய் 'ங்க' வந்தது. பெண்ணைக் கொடுத்தவள் அல்லவா, யாரோ உறவுக்காரர்கள் இவளுக்கு மரியாதைப் பாடம் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யார் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

நான் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். ஜன்னல் வைத்த ஒரு கூண்டில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று எழுதுவேன். ஒரு நிமிடம் தாமதமானாலும் விசில் ஊதுவேன். பள்ளிக்கூடத்திலேயே எனக்கு விசில் என்றுதான் பெயர். இரண்டு விரலை வாயில் வைத்தால் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். குச்சிக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகம். பெயர்தான் குச்சி. இப்போது என்னைவிடப் பத்துக் கிலோ கூடுதல்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளுடைய கூடத்துக்கே போனேன். முன்பெல்லாம் போனால் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளுவாள். அன்று எழுந்து நின்று, தன்னுடைய நாற்காலியைத் துணியால் துடைத்து, "உக்காருங்க" என்றாள். அலமாரியில் வரிசையாக இருந்த பிளாஸ்டர் அச்சுத் தாடைகள் எல்லாம் என்னைப் பார்த்து இளித்தன.

"ஒம்பதாங்கிளாஸ்ல பேசிக்கிட்டோமே, மலைப்பாதை, எட்டு நாள் நடை. போலாமா?" என்றேன்.

"உங்களுக்கு எப்போ சௌகரியமோ அப்பவே போலாங்க."

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. எட்டு நாள் ஒரே குழாயில் பல் விளக்கி, ஒரே அறையில் குறட்டை விட்டால் மரியாதை தானாக உதிர்ந்துவிடும். என் தோழி எனக்குத் திரும்பக் கிடைப்பாள். அது நடக்கவில்லையென்றால் சாகிற வரைக்கும் இந்தச் சம்பந்தியோடுதான் குப்பை கொட்ட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பாதை மொத்தம் நூற்றிருபது கிலோமீட்டர். மரத்திலும் பாறையிலும் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். சாயங்காலத்துக்கு ஒரு தங்கும் விடுதி வரும். முதல் நாள் காலையில் பாதை ஆரம்பிக்கும் கம்பத்தின் அருகிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. பாதை ஓராள் அகலம்.

"நீங்க முன்னாடி போங்க," என்றாள் குச்சி.

"நீ போ."

"ஐயோ, நல்லாவா இருக்கும்? நீங்க போங்க."

பின்னால் வந்த நாலு பேர் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் நான்தான் முன்னால் போனேன். அன்று ராத்திரி தங்கிய அறையில் மேலும் கீழுமாக அடுக்கிய கட்டில்கள் இரண்டு ஜோடி. கீழ்க்கட்டில்தான் சுகம், முட்டிவலியோடு ஏற வேண்டாம். "நீங்க கீழ படுங்க, அந்தக் கீழ்க்கட்டில்ல உங்க சாமான வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள். எனக்கு வந்ததே கோபம், நானும் அடுத்த கட்டிலின் மேலே ஏறிப் படுத்தேன். இரண்டு கீழ்க்கட்டிலும் காலி. நாங்கள் இரண்டு பேரும் கூரை இடித்துவிடுமோ என்று புரண்டுகூடப் படுக்காமல் விடிய விடியக் கிடந்தோம்.

இரண்டாம் நாள் அவள் நொண்டினாள். கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க." ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். இதே குச்சி ஒரு காலத்தில் கையில் சிறாய் ஏறினதற்கு மூன்று தெருவைக் கூட்டியவள்.

மூன்றாம் நாள் அவளை வம்புக்கு இழுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவள் பங்கு ரொட்டியையும் சேர்த்து எடுத்துத் தின்றேன். "போதுமாங்க? பிஸ்கட் வேணா எடுக்கட்டுமா?" என்றாள். ஏற்றம் முழுக்கக் கட்டைத்தொண்டையில் பாடிக்கொண்டே போனேன். எதிரே வந்த ஒரு நாய் திரும்பிப் போய்விட்டது. குச்சியோ, "நல்ல சாரீரங்க உங்களுக்கு" என்றாள். என் பாட்டைப் பற்றி அவளுடைய உண்மையான அபிப்பிராயம் என்ன என்று எனக்குத் தெரியும். அதைப் பத்து வயதிலேயே வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள்.

நாலாம் நாள் காலையில்தான் பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடம் வந்தது. நான் ஏதோ நினைப்பில் இடது பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தேன். பத்து நிமிடம் போனதும் உறைத்தது. மஞ்சள் கோட்டையே காணோம். திரும்பிப் பார்த்தேன். குச்சி குனிந்த தலை நிமிராமல் வந்துகொண்டிருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியாதா? தப்பான பாதை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சொல்லவில்லை.

எனக்குள் ஒரு பிசாசு புகுந்தது. சரிடி, உன் மரியாதை எத்தனை கிலோமீட்டர் தாங்குது பார்த்துவிடலாம். இவள் வாயைத் திறந்து சொல்லும் வரைக்கும் நான் திரும்புவதாக இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, "பாதை நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். அப்போது நாங்கள் இருவரும் முழங்கால் அளவு முட்செடியில் நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓர் ஓடை வந்தது, பாலம் இல்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அவள் தன் கொப்புளக் காலோடு, "தண்ணி சில்லுனு இருக்குங்க, கால்வலிக்கு நல்லது" என்றாள். வீம்பில் நான் அவளுக்குச் சளைத்தவளா? நடந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு வாடை வந்தது. அப்புறம் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நீள நீளமான தகரக் கொட்டகைகள், உள்ளே ஆயிரக்கணக்கில் கோழிகள். பாதை அதோடு சரி.

தீவன வாளியோடு வந்த ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வழி தப்பிட்டீங்களா? மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது தப்பிடுவாங்க. ஆனா எல்லாரும் பாதியிலயே திரும்பிடுவாங்க. வேலி வரைக்கும் வந்தது நீங்க ரெண்டு பேர்தான்," என்றார். குரலில் நிஜமான வியப்பு இருந்தது.

அவர் போனதும் நான் குச்சி பக்கம் திரும்பினேன். "உனக்குத் தப்பான வழின்னு தெரியும்ல?"

"தெரியுங்க. அந்த முக்குல வலது பக்க மரத்துல கோடு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க முன்னாடி போறப்ப, நான் எப்படிங்க தப்புன்னு சொல்றது?"

"எனக்கும் தெரியும். பத்தாவது நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. நீ எப்ப வாயத் தொறப்பேன்னு பாக்கத்தான் நடந்தேன்."

குச்சி என்னையே பார்த்தாள். பிறகு பையைக் கழற்றித் தரையில் போட்டாள்.

"தெரிஞ்சுமா நடக்க வெச்ச? அறிவு இருக்கா உனக்கு? கொப்புளம் ஒடஞ்சு சாக்ஸ் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு, எட்டு வெக்கிறப்பல்லாம் உசிர் போகுது, நீ வேடிக்கையா பாக்குற? கிறுக்கி!"

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு என்னை 'நீ' என்கிறாள், கிறுக்கி வேறு என்கிறாள். "அப்பாடா, வந்துட்டியாடி!" என்று கையை விரித்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"உங்கிட்ட எப்படிடி சண்டை போடுறது? என் பொண்ணு உன் வீட்ல இருக்காளே."

"இருந்தா? அவள நான் என்ன பண்ணிட்டேன்?"

"துண்டு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"ஈரத்துண்ட கட்டில் மேல போட்டுட்டா. நீ அத ரெண்டு விரல்ல தூக்கிட்டு வந்து, உன் தங்கச்சி குடும்பம் மொத்தமும் உக்காந்திருக்கிறப்ப, 'உங்கம்மா இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா'ன்னு கேட்ட."

அப்போது ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, கூடம், என் கையில் தொங்கிய துண்டு. எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"தமாஷுக்குச் சொன்னேன்டி," என்றேன்.

"ஆமா, தமாஷுதான். எல்லாரும் சிரிச்சாங்களாம். அவ எனக்கு போன் பண்ணி அழக்கூட இல்ல. 'ஏம்மா, நீ ஏன் எனக்கு எதுவும் சொல்லிக் குடுக்கல'ன்னு கேட்டா. கோவமா இல்லடி, நெஜமாவே கேட்டா. நான் ரெண்டு ஷிப்டு ஊரான் பல்லத் தேச்சு வளத்த பொண்ணு அது. எங்க உக்காந்து சொல்லிக் குடுக்க?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு முடிவு பண்ணேன். நான் உன்கிட்ட மரியாதையா இருந்தா, நீ அவகிட்ட மரியாதையா இருப்பேன்னு."

கோழிகள் விடாமல் கொக்கரித்துக்கொண்டிருந்தன. யாரோ அவளுக்கு மரியாதைப் பாடம் எடுத்திருக்கிறார்கள் என்று ஒன்பது மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேனே, அந்த ஆள் நான்தான்.

திரும்பும்போது அவள் முன்னால் போனாள். என்னைக் கேட்கவில்லை. அவளுடைய பையை நான் வாங்கி முன்பக்கம் மாட்டிக்கொண்டேன். மூன்று மணி நேரமும் என் பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். என் மாமியார் என்னைச் சொல்லாததா? மெத்தை நனைந்தது உண்மைதானே? வயதில் பெரியவள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஓடை வருவதற்குள் பாதி கழன்றுவிட்டது. முட்செடியில் மீதியும் போயிற்று. பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது குச்சி வலது பக்க மரத்தின் அருகே நின்றாள். அதிலிருந்த மஞ்சள் கோட்டைக் கைத்தடியால் இரண்டு தடவை தட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

விடுதிக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இருபத்தெட்டு வருடமாக ஊராரின் தாமதத்தை எழுதிவந்த நான் அன்றைக்கு ஆறு மணி நேரம் தாமதம். சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. பையைக்கூட இறக்காமல் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். மருமகள்தான் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் பதறினாள்.

"அத்தை? என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது..."

"உங்கம்மா நல்லா இருக்கா. என்னைக் கிறுக்கின்னு திட்டுற அளவுக்கு நல்லா இருக்கா. நான் வேற ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு அந்தத் துண்டு..."

எந்தத் துண்டு என்று அவள் கேட்கவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் உங்கம்மாவ இழுத்தது பெரிய தப்பு. அவ உனக்கு என்ன சொல்லிக் குடுத்தான்னு கேக்க எனக்கு யோக்கியதையே கெடயாது. என்னை மன்னிச்சிடும்மா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அத்தை, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்க போனதுலேர்ந்து துண்ட கட்டில் மேலதான் போடுறேன். தெனமும்."

"ஈரமாவா?" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். "உன் கட்டில், உன் துண்டும்மா," என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால், மூலையில் குச்சி ஒரு சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அது எப்போதோ காய்ந்த சாக்ஸ். நான் பார்ப்பது தெரிந்ததும் எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

அறையில் வழக்கம்போல் மேலும் கீழுமாகக் கட்டில்கள். நான் ஒரு கீழ்க்கட்டிலில் படுத்துக் காலை நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் குச்சி தலைமுடி சொட்டச் சொட்ட வந்தாள். இன்னொரு கீழ்க்கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து குதிகாலுக்கு மருந்து போட்டாள். அப்புறம் தலையைத் துவட்டிய துண்டை நன்றாகச் சுருட்டி என் தலையணை மேல் வீசினாள். சொத்தென்று என் காதோரம் வந்து விழுந்தது.

"என்னடி இது?" என்றேன்.

"எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுக்கலடி, விசில்," என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். போர்வைக்குள் அவள் வயிறு குலுங்குவது தெரிந்தது.

தண்ணீர் தலையணையில் இறங்கி என் கழுத்து வரைக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.