இந்துமதியின் கண்ணில் எரிந்த பட்டறை

வீரபாண்டிக்குப் பக்கத்திலிருந்த பனியன் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் பட்டறைமேல் போரில் குண்டு விழுந்த நாளிலிருந்து, இந்துமதியின் கண்களை நேராகப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டறை எரிவது தெரிந்தது. முதலில் பார்த்தவன் அவள் புருஷன் ராஜவேல். அன்று சாயங்காலம் உடம்பெல்லாம் சாம்பலாக வந்து நின்றவளின் முகத்தைத் துடைத்துவிடக் குனிந்தவன், துண்டைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். இரண்டு கருமணிகளிலும், போன் திரையில் ஓடுவதுபோலச் சின்னதாக, துல்லியமாக, நீலத் தகரக் கூரை மேலே எழும்பியது. துணி உருளைகள் தீப்பிடித்து ரோட்டில் உருண்டு வந்தன. சத்தம் இல்லை. அவள் அழுதாலும் அது கலையவில்லை. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, பார்வை சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்துமதி எதிர்வரிசையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்த்து பீஸைப் பிரிக்கும் வேலை. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அவள் எதையும் படம் எடுக்கவில்லை. டீ நேரத்தில் வெளியே வந்து நின்றாள், பார்த்தாள், அவ்வளவுதான். போன் வைத்திருந்தவர்கள் எடுத்தார்கள். முதல் குண்டின் படம் அவிநாசி தாண்டி யார் யாருக்கோ போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், தீயணைக்கக் கூடிய கூட்டத்தின்மேல் இரண்டாவது விழுந்தது. படத்தைப் பார்த்துத்தான் எதிரி குறி வைத்தான் என்று அரசாங்கம் சொன்னது. அது பொய் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. அதனால் பயம் இரண்டு மடங்கானது. மறுநாள் உத்தரவு வந்தது. தாக்குதல் காட்சியை வைத்திருந்தாலும், அனுப்பினாலும், அடுத்தவருக்குக் காட்டினாலும் ஜெயில். பஸ் ஸ்டாப்பில் போலீஸ் நின்று போன்களை வாங்கிப் புரட்டியது. ரீசார்ஜ் கடை அருள்குமாரைக் கடையில் இருந்தபடியே கூட்டிப்போனார்கள். பல மாதம் கழித்துத் திரும்பியவன், போன் அடித்தால் எழுந்து நின்று கைகட்டினான். எதற்கு வம்பு என்று ஜனங்கள் சீர் வீடியோ, காதுகுத்து வீடியோ எல்லாவற்றையும் அழித்தார்கள். பட்டறையில் ஆளே இல்லை, உயிர்ச்சேதம் இல்லை என்று அறிவிப்பு வந்தது. எரிந்த இடத்தைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார்கள்.

இந்துமதியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்று, அவள் கால்விரலைப் பார்த்துப் பேசினார். கோபப்படவில்லை. “நீங்க பாத்தது தப்பில்லம்மா. அடுத்தவங்களுக்குக் காட்டினாத்தான் தப்பு. போனை மாதிரி கண்ணை நாங்க வாங்கி வெச்சுக்க முடியுமா?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “முடியாதுன்னும் இல்ல,” என்றார். அன்றைக்கே ராஜவேல் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தான். அதைப் போட்டுக்கொண்டு கறை பார்க்க முடியாததால் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வீட்டிலும் அவள் அதைக் கழற்றவில்லை. தூங்கும்போது மேலே ஒரு துணியும் கட்டிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் படித்த மகள் கீர்த்தனா, அம்மா ஊட்டும் சோற்றை வேறு பக்கம் பார்த்தபடி வாங்கிக்கொள்ளப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அம்மாவுக்கு மெட்ராஸ் ஐ என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வீட்டு மயிலாளின் புருஷன் கந்தப்பன் அந்தப் பட்டறையில் லோடுமேன். அன்று வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. பட்டறையில் ஆளே இல்லை என்று ஆகிவிட்டதால் அவன் அங்கே காணாமல் போயிருக்கவும் முடியாது. வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். பல்லடத்தில் எவளோடோ இருக்கிறான் என்று தெருவில் பேச்சு வந்தது. மயிலாள் கதவைத் தாழிடாமல் படுத்தாள். ஒரு மழைக்காலம் போயிற்று. பிறகு ஒரு நாள் மத்தியானம் இந்துமதி வீட்டுக்கு வந்தாள்.

“இந்து, ஒருக்கா அந்தக் கண்ணாடியக் கழட்டு. நான் பாக்கோணும்.”

ராஜவேல் குறுக்கே வந்து நின்றான். “வேண்டாங்கக்கா. எங்களுக்குப் பொட்டப்புள்ள ஒண்ணு இருக்குதுங்க. ஆராவது போய்ச் சொல்லிட்டா எங்க கதி என்னங்க?”

“நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி. அவரு செத்தாரா, என்னைய உட்டுட்டுப் போனாரா, அது தெரிஞ்சாப் போதும். ரெண்டுல எதுக்கு அழுகறதுன்னு தெரியாம உக்காந்திருக்கறேன்.”

இந்துமதி எழுந்தாள். “கதவச் சாத்துங்க,” என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

அதுவரை பார்த்த எல்லோரும் தீ எழும்பியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள். கடைசிவரை பார்த்தவர் யாரும் இல்லை. மயிலாள் அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தாள். கூரை போயிற்று, தீ போயிற்று, புகை வந்தது. புகைக்குள்ளிருந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கந்தப்பன் கேட்டுக்கு வந்தான். அன்று ரோட்டுக்கு எதிரே நின்ற இந்துமதியைப் பார்த்தான். அதாவது, இப்போது மயிலாளையே நேராகப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கி, போ, போ என்று விரட்டினான். உள்ளே யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் புகைக்குள் போனான். அப்புறம் இரண்டாவது குண்டு, வெறும் வெள்ளை வெளிச்சம்.

“போகச் சொல்றாரு,” என்றாள் மயிலாள்.

“ஆமாங்கக்கா. அதுனாலதான் நான் ஓடியாந்தேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சுங்க.”

மயிலாள் கண்ணாடியை எடுத்துத் தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டாள்.

அந்த வாரமே அவள் உறவுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பி, தாலியைக் கழற்றி, கருமாதி செய்தாள். அரசாங்கக் கணக்கில் உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி என்றதும் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இந்துமதி மகளை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“உங்க வீட்டுக்காரர் செத்துட்டார்னு யாரு சொன்னது? பேரைச் சொல்லுங்க.”

“ஆரும் சொல்லலீங்க. அவரேதானுங்க சொன்னாரு,” என்று மயிலாள் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள். அவள் கண்களிலும் பட்டறை எரிந்துகொண்டிருந்தது.

கடைசிவரை பார்த்தவர் கண்ணுக்கும் அது தாவிவிடும் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் திரும்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. வெள்ளை வெளிச்சம் வரைக்கும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கான்ஸ்டபிள் என்னவோ கேட்டதற்கு, தரையைப் பார்த்தபடி, ஒன்றுமில்லை போகலாம் என்றார். மறுநாள் ஸ்டேஷனுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். யாரையும் கைது செய்யவில்லை.

அடுத்த சித்திரையில் போர் முடிந்தது. உத்தரவை யாரும் வாபஸ் வாங்கவில்லை. அன்று ஆளைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக இந்துமதி வீட்டுக்கோ மயிலாள் வீட்டுக்கோ வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்த ரோட்டில் போகும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஜீப் சத்தம் கேட்டால் எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் முகத்துக்குப் போகிறது. சூப்பர்வைசர்கள் நெற்றியைப் பார்த்து வேலை சொல்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றச் சொல்வதில்லை. வடக்கிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், இங்கே யார் முகத்தையும் ரொம்ப நேரம் பார்க்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அவர்களும் ஏன் என்று கேட்பதில்லை.