ஏழாம் தளத்துத் தலையணை உறை

பகல் இரண்டு மணிக்கு மேல் கப்பலின் ஏழாம் தளத்தில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். சாப்பிட்டவர்கள் மேல்தளத்து நீச்சல் குளத்தருகே சாய்ந்திருப்பார்கள். சாப்பிடாதவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். துடைப்பது, விரிப்பது, தேய்ப்பது எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு மட்டும் அது ஓட்டமும் நடையுமான நேரம்.

நடைபாதையின் இடப்பக்கத்துப் பதினான்கு அறைகளும் மடிப்பின் பொறுப்பு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. குளியல் துண்டை மடித்து யானை, அன்னம், குரங்கு என்று கட்டிலில் உட்கார வைப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை என்பதால் கப்பலில் எல்லோருக்கும் அவன் மடிப்புதான். ஒன்பது வருடச் சர்வீஸ். கையும் சுத்தம், வாயும் சுத்தம். எதையும் கேட்க மாட்டான், எதையும் வெளியே சொல்ல மாட்டான். மேலிடத்துக்கு அவனைப் பிடித்திருந்ததே இந்தக் குணத்துக்காகத்தான் என்பது அன்றுவரை அவனுக்குத் தெரியாது.

பதினான்கு கதவுகளையும் திறக்கும் கார்டு ஒன்று அவனிடம் உண்டு. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் குனிந்து கழிப்பறை தேய்த்தால் அது தண்ணீரில் முங்கும், விரிப்பைச் செருகினால் மெத்தைக்கடியில் சிக்கும். விதி எழுதியவர் எந்தக் காலத்தில் கழிப்பறை தேய்த்தார்? ஆகவே மடிப்பும் அவனைப் போன்றவர்களும் கார்டைத் தள்ளுவண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். அறைகளின் ஃபிரிட்ஜில் பாட்டில் நிரப்புகிறவன், ஏசி பழுது பார்க்கிறவன் எல்லாரும், "ரெண்டு நிமிஷம்ணே" என்று அதை எடுத்துப்போய்த் திருப்பி மாட்டுவார்கள். தங்களுக்கென்று கார்டு வேண்டுமானால் மூன்று தளம் இறங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் இறங்குவது?

அன்று மடிப்பு ஐந்தாவது அறையின் குளியலறையில் இருந்தபோது பதினோராவது அறையிலிருந்து அலறல் கேட்டது. கையில் பிரஷ்ஷோடு வெளியே ஓடிவந்தான். அந்த அறையில் ஒரு தாயும் மகளும் தங்கியிருந்தார்கள். தாய், இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு மகள் வாசலில் நின்றாள்.

நடந்தது இது. மகள் கப்பல் ஆட்டத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, திரைச்சீலையை இழுத்து மூடி, 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையை வெளியே மாட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறாள். யாரோ வாயைப் பொத்தியதும் விழித்திருக்கிறாள். இருட்டில் முகம் தெரியவில்லை. பொத்திய கையைப் பலம் கொண்ட மட்டும் கடித்திருக்கிறாள். வந்தவன் அவளைச் சுவரில் தள்ளிவிட்டு ஓடிவிட்டான். தலையணை உறையில் ரத்தம் இருந்தது. அது அவளுடைய ரத்தம் இல்லை.

செக்யூரிட்டி அதிகாரி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத முகம்.

"எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"ஒண்ணு."

"அந்த மாத்திரைக்குக் கண்டபடி கனவு வரும்மா. நிறைய பேருக்கு வருது."

தாய் முன்னால் வந்தார். "கனவு கண்டா தலையணையில ரத்தம் வருமா சார்? எந்த ஊர்க் கனவு அது?"

"கதவைச் சரியாச் சாத்தினீங்களா?"

"தானா மூடிக்கிற கதவு சார் இது. நான் எங்க சாத்தறது?" என்றாள் மகள்.

அந்த அம்மாள் உறையை எடுக்கப் போனார். "தொடாதீங்க, அது சாட்சிப் பொருள். நாங்க பத்திரமா வச்சுக்குவோம்" என்று அதிகாரி தடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அறையைப் பூட்டி, இருவரையும் ஒன்பதாம் தளத்தில் இதைவிடப் பெரிய அறைக்கு மாற்றுவதாகச் சொன்னார். பூச்செண்டும் வைப்பார்களாம். புகார் எதுவும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம்.

"கையெழுத்து அஞ்சு மணிக்கு. துறைமுகம் வந்ததும் போலீஸ் முன்னாடி போடறேன்" என்றார் தாய்.

பிறகு, ஓரமாக நின்ற மடிப்பின் பக்கம் திரும்பினார். "தம்பி, ரெண்டு கையையும் நீட்டு."

நீட்டினான். பஸ் நெரிசலில் எந்தக் கை எங்கே போகிறது என்று இருபத்தெட்டு வருடம் பார்த்த கண்கள் அவை. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ இல்ல" என்றார். "ஆனா உன் முழி சரியில்ல."

சரியில்லைதான். எப்போதும் வலது கொக்கியில் மாட்டும் கார்டு, இப்போது இடது கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் அப்போதுதான் பார்த்திருந்தான்.

பத்து நிமிடத்தில் சூப்பர்வைசர் வந்தார்.

"மடிப்பு, பதினொண்ணாவது ரூம் நாலு மணிக்குள்ள பளிச்சுன்னு ஆகணும். உறை, விரிப்பு எல்லாம் நேரா லாண்டரிக்கு. கொதிக்கிற தண்ணி, ப்ளீச். கைப்பிடி, சுவரு எல்லாம் தொடச்சிடு."

"சாட்சிப் பொருள்னு அதிகாரி சொன்னாரே சார்?"

"அவர் சொல்லித்தான் நான் சொல்றேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எட்டாவது ரூமை முடிச்சுக் குடுத்தியே, அதே மாதிரி முடி."

மடிப்பு நிமிர்ந்தான். "அது வைன் கொட்டினதுன்னீங்களே?"

சூப்பர்வைசர் நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தார். "வைன்தான். இப்ப அதுவா பேச்சு?" குரலைத் தாழ்த்தினார். "கதவுப் பதிவைப் பாத்தாச்சு. ரெண்டு இருபதுக்கு அந்த ரூமைத் திறந்தது உன் கார்டு. போலீஸ் உள்ள வந்தா முதல்ல யார் கையில விலங்கு விழும்? உன் நல்லதுக்குத்தான்பா சொல்றேன்."

உன் நல்லதுக்கு என்று ஆரம்பிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் நல்லதைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். மடிப்புக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் வண்டியைத் தள்ளினான். பதினோராவது அறைக்குள் போனான். பழக்க தோஷம், கை தானாகவே கதவின் கைப்பிடியைத் துடைத்துவிட்டது. அப்புறம்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. உறையையும் விரிப்பையும் உருவித் தள்ளுவண்டிப் பையில் போட்டான், ஆனால் லாண்டரிக்கு இறங்கவில்லை.

மூன்றரை மணிக்கு ஊழியர்களின் சாப்பாட்டறையில் தேநீர். மடிப்பு ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தான். ஏசிக்காரனின் கட்டைவிரலில் கட்டு. "ஸ்க்ரூ குத்திடுச்சு" என்றான், யாரும் கேட்காமலே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையா இது? சமையல்காரர் கையில் தீக்காயம். துணி துவைக்கிறவர் கையுறையைக் கழற்றவே இல்லை. பாட்டில்காரன் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாவம்ணே அந்தப் பொண்ணு. ஆனா நம்ம ஆளுங்களை நாமளே காட்டிக் குடுத்துடக் கூடாது, என்ன?"

"யாரை?"

"பொதுவாச் சொன்னேன்ணே."

அதே நேரத்தில் மற்ற மேசைகளில் இருந்தவர்கள் மடிப்பைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். யாருடைய கார்டு என்பது அதற்குள் கப்பல் முழுக்கப் பரவியிருந்தது. நேற்றுவரை தோளில் கை போட்டவர்கள் இன்று நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று அந்த அறையில் எல்லோரும் அரண்டிருந்தார்கள்.

கரை நெருங்கியதும் கைப்பேசிக்குச் சிக்னல் வந்தது. துணிக்கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியை அழைத்தான். ஒன்றுவிடாமல் சொன்னான். மறுமுனையில் பேச்சே இல்லை.

"என்ன, இருக்கியா?"

"இருக்கேங்க. நீங்க இல்லதானே?"

"பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினவ, நீயா கேக்குற?"

"கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. ஆனா நானே கேக்குறேன்னா ஊர் கேக்காதா? கார்டு உங்களுது. துணியையும் நீங்களே தொவச்சுட்டீங்கன்னா, நான் இல்லன்னு சொல்ல உங்ககிட்ட என்னங்க மிச்சம் இருக்கும்? அந்தப் பொண்ணுகிட்டயும் அந்த ஒண்ணுதானே இருக்கு?"

போனை வைத்த பிறகு மடிப்பு வெகுநேரம் துண்டு அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். தன்னை ஒரே ஒரு கேள்வி கேட்டதற்கே இப்படி வலிக்கிறது. எத்தனை மாத்திரை, கதவைச் சாத்தினாயா, கனவாக இருக்குமோ என்று அந்தப் பெண்ணை எத்தனை கேள்வி கேட்டார்கள்! இரண்டு மாதத்துக்கு முன் எட்டாவது அறையிலிருந்து அழுது வீங்கிய கண்களோடு இறங்கிப்போன ஒருத்தியின் முகம் அவனுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. மற்றவர்களைச் சந்தேகப்பட்ட மனம் முதல் முறையாகத் தன் பக்கமே திரும்பியது.

பயணிகளின் துணிக்காகக் கொடுக்கும் காகிதப் பை ஒன்றைப் பிரித்து, தலையணை உறையை அதில் வைத்து மடித்தான்.

ஐந்து மணிக்குக் கப்பல் கரையோடு நின்றது. இறங்கும் பாலத்தின் வாசலில் கண்டக்டரம்மாள் தன் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் முந்நூறு பேர் வரிசையில் நின்று முணுமுணுத்தார்கள்.

"போலீஸ் ஏறாம யாரும் இறங்கப் போறதில்ல. அவசரம் இருக்கறவங்க போலீஸுக்கு நீங்களும் ஒரு போன் போடுங்க" என்றார். புட்போர்டில் தொங்குகிறவர்களை மிரட்டிய அதே குரல். முணுமுணுப்பு அடங்கியது.

அரைமணியில் ஒரு பெண் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் ஏறிவந்தார்கள். அதிகாரி அறிக்கையை நீட்டினார். மாத்திரை மயக்கத்தில் கெட்ட கனவு என்று அதில் இருந்தது. கடித்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்.

"ரூமைப் பாக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தாராளமா. ஆனா வழக்கமான சுத்தம் முடிஞ்சுபோச்சு மேடம். துணியெல்லாம் லாண்டரிக்குப் போயிடுச்சு."

தாய் பெட்டியிலிருந்து எழுந்தார். "தொடக்கூடாதுன்னு சொன்னது இதுக்குத்தானா?"

"போகல மேடம்."

எல்லோரும் திரும்பினார்கள். மடிப்பு காகிதப் பையோடு நின்றான். பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"டேய் மடிப்பு, உள்ள போ!" என்றார் சூப்பர்வைசர். "உன் வேலை போச்சுன்னு வச்சுக்கோ."

மடிப்பு அவரைப் பார்க்கவே இல்லை. "கதவைத் திறந்தது என் கார்டு மேடம். வண்டியில மாட்டிட்டுப் போனது என் தப்பு. யார் எடுத்தாங்கன்னு சத்தியமாத் தெரியாது. கைப்பிடியைத் தொடச்சிட்டேன், அதுவும் என் தப்புதான். ஆனா இது அந்த உறை. தண்ணி படல."

இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டி உள்ளே பார்த்தார். பிறகு, அன்று ஏழாம் தளத்தில் வேலை பார்த்த அத்தனை பேரையும் வரச் சொல்லி, கைகளை நீட்டச் சொன்னார். அது நடைமுறை இல்லை என்று அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உங்க கையையும் நீட்டுங்க" என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

ஏசிக்காரனின் விரலில் நிஜமாகவே ஸ்க்ரூ குத்திய காயம்தான். பாட்டில்காரன் மட்டும் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கத் தயங்கினான். போலீஸ்காரர் எடுக்க வைத்தார். சுட்டுவிரலுக்குக் கீழே இரண்டு வரிசைப் பல் தடம் பதிந்திருந்தது. அவனை இறக்கிக்கொண்டு போனபோது, இரண்டு மாதத்துக்கு முன் எட்டாவது அறைப் பெண் புகார் சொன்னதும் இதே ஆளைப் பற்றித்தான் என்பதைச் சூப்பர்வைசர் தானாகவே உளற ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டால் தனியாக மாட்டக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

மடிப்பு டீச்சரிடம் போனான். "மன்னிச்சிடும்மா" என்றான்.

டீச்சர் அவனை நேராகப் பார்த்தாள். "எட்டாவது ரூம்ல இருந்தவங்க சொன்னப்போ ஒரே ஒருத்தராவது நம்பியிருந்தா, நான் இன்னிக்கு நிம்மதியாத் தூங்கி எழுந்திருப்பேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மடிப்பு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான்.

"இதையும் எழுதிக்குங்க மேடம். அந்த எட்டாவது ரூமை ப்ளீச் போட்டுக் கழுவினவன் நான்தான். கேள்வி கேக்காம கழுவினதுக்கு அந்த மாசம் நல்ல வேலைக்காரன்னு என் படத்தைச் சுவத்துல மாட்டினாங்க. புகார் வந்தா முதல்ல அந்த ரூமைப் பூட்டணும், சொன்னவங்களை நம்பணும். தப்பு நடந்த இடத்தைக் கழுவி விடறவன், அடுத்த தப்புக்கு இடத்தைத் தயார் பண்ணிக் குடுக்கறான் மேடம். நான் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "மெதுவாச் சொல்லுங்க" என்றார். "ஒரு வார்த்தை விடாம எழுதணும்."