பத்தைத் தாண்டிய துடிப்பு

…பத்து சென்டிமீட்டர் வந்தால் போதும், பத்தே போதும் என்று முணுமுணுத்தபடி இவர் நெஞ்சில் எக்கோ கருவியை அழுத்திப் பிடித்திருக்கிறேன், என்ன அகலமான நெஞ்சு, மூட்டை தூக்குகிறவர் என்று இவர் மனைவி நேற்றே சொன்னாள், ஐந்து நாளாக இவர் இதயத்தின் வேலையைக் கட்டிலோரத்துப் பம்ப்தான் பார்க்கிறது, தொடையில் செருகிய குழாய் வழியாக, அந்தக் கால்தான் கறுக்கத் தொடங்கிவிட்டது, குழாயை இன்றே கழற்றினால் கால் தப்பும், கழற்றியபின் இதயம் தாங்காவிட்டால் ஆளே தப்பமாட்டார்... இதயம் தனியாகத் தாங்குமா என்று பார்க்க, பம்ப் பார்க்கும் தம்பி அதன் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறான், நாலு லிட்டர், மூன்று, இரண்டு, ஒன்றரை. “என்னக்கா, படம் வரையிறீங்களா?” “வாயை மூடிட்டு உன் மீட்டரைப் பாரு.” ஒவ்வொரு துடிப்பும் ரத்தத்தை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று திரையில் சின்னச் சின்ன மேடுகள், பத்து வந்தால் கழற்றலாம், எட்டு, ஏழரை, எட்டு... அட, ஒன்று உயரமாக எழுந்தது, விரல் தானாகவே படத்தை நிறுத்திவிட்டது. பத்தரை.

“வந்துடுச்சா?” டாக்டர் கையுறை மாட்டியாயிற்று, ஆமாம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன்னால் என்ன அந்த இடைவெளி, ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து வீணாகியிருக்கிறது, பிறகு இதயம் கொஞ்சம் நின்று, நிரம்பி, அடுத்ததை ஓங்கி அடித்திருக்கிறது, இது பலமா, ஓய்வா? அப்பா செய்ததும் இதுதானே... கிடங்கில் ஆள் எடுத்த அன்று லாரிச் சக்கரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு, ஒரே தம்மில் மூட்டையைத் தோளேற்றினார், மேஸ்திரி அந்த ஒன்றைத்தான் பார்த்தார், சேர்த்துக்கொண்டார், நான் கைதட்டினேன், மூன்றாம் மாதம் இடுப்பு போய்ப் படுத்தவர்தான். “இல்ல சார், இது தப்பின துடிப்புக்கு அப்புறம் வந்தது, கணக்குல சேராது. எட்டுதான்.” “கால் போயிடும்மா.” “தெரியும் சார்.” இன்னும் ஐந்து துடிப்பு அளந்தேன், ஒன்றாவது பத்தென்று பொய் சொல்லாதா என்று பார்த்தேன், எட்டு, எட்டு. டாக்டர் கையுறையை உருவினார். “பம்ப்பை ஏத்துப்பா பழையபடி. ரத்தக்குழாய் சர்ஜனை வரச்சொல்லு.”

வெளியே அவர் மனைவி எழுந்து நிற்கிறாள். “கழட்டியாச்சா கண்ணு?” “இன்னைக்கு இல்லம்மா, இதயம் தாங்காது. கால்தான்... டாக்டர் வந்து சொல்வாரு.” அவள் திரும்ப உட்கார்ந்தாள். “எந்திரிச்சதும் மூட்டை எங்கன்னுதான் கேப்பாரு, அவசரக்கார மனுஷன்...” எக்கோவுக்குத் தடவிய ஜெல் கையில் பிசுபிசுக்கிறது, துடைக்கத் துடைக்கப் போகவில்லை, அப்பா மேஸ்திரியை ஏமாற்றிவிட்டதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், ஆனால் அப்பா சக்கரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது அந்த மேஸ்திரி நாலடி தள்ளித்தானே நின்றிருந்தார், பார்த்துக்கொண்டேதானே...