கரி தின்ற கொக்கு அழுததா?

டிவிக்குள் இரும்புக் கொக்கு அழுத அழுகையில் குவார்ட்டர்ஸ் ஹாலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, செருப்பெல்லாம் மிதந்து வாசல் வரைக்கும் போய்விட்டது என்று தைரியநாதன் சொல்வார். சொல்லும்போது குனிந்து தன் கணுக்காலைத் தொட்டும் காட்டுவார். கூட்டம் நன்றாகச் சேர்ந்துவிட்டால் தண்ணீர் முழங்கால் வரைக்கும் ஏறும்.

பஜார் டீக்கடை பெஞ்சில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் பழனிசாமி ஒருவர்தான்.

"தண்ணிய வுடுய்யா. கொக்கு அழுதுச்சா, அதைச் சொல்லு மொதல்ல. இரும்பு எங்கனா அழுவுமா?"

"நான் பார்த்தேன்யா!"

"நீ பார்த்தே. நான் எங்க பார்த்தேன்? நான்தான் செகண்ட் ஷிப்ட்ல கெடந்தேனே."

சங்கதி இதுதான். இருவரும் நெய்வேலி மைன்ஸில் கரி சுமக்கும் ஒரே கன்வேயர் பெல்ட்டை ஓட்டியவர்கள். ஒருவர் முதல் ஷிப்ட் முடித்து இறங்கும்போது மற்றவர் இரண்டாம் ஷிப்டுக்கு வந்து நிற்பார். அந்தக் காலத்தில் கேபிள் டிவியில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் சாயங்காலங்களில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. மிகோ என்று ஒரு சிறுமி, அவள் ஏறிப் பறக்கிற ஒரு இரும்புக் கொக்கு. கொக்கின் வயிற்றில் அடுப்பு. அடுப்புக்குத் தீனி பழுப்பு நிலக்கரி! நெய்வேலிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளைகளுக்கென்று வந்ததை அப்பன்மார்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் ஷிப்ட் வாரம் வந்தால் மட்டும் கொக்கு கிடையாது. அதனால் ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கிற பேச்சில் கொக்கும் சேர்ந்துகொண்டது. "பெல்ட் நார்மல். மோட்டார் லேசா சூடு. கொக்கு ஜெயில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் தைரியநாதன் பஸ் ஏறுவார். முறை மாறினால் பழனிசாமி சொல்வார்.

அப்படி ஒரு மத்தியானம்தான், "கொக்கு அழுதுடுச்சுய்யா, கண்ணுலேர்ந்து கருப்பா கொட்டுது" என்று தைரியநாதன் சொன்னார். பழனிசாமி அன்றைக்கே நம்பவில்லை. கொஞ்ச நாளில் அந்தச் சேனலையே மூடிவிட்டார்கள். பின்னாளில் தைரியநாதனின் மகள் நான்சி நெட்டைச் சலித்துப் பார்த்துவிட்டாள். பழைய கொக்கு எங்கேயும் அகப்படவில்லை.

மனைவி ஆரோக்கியம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டாலும் பிரயோசனமில்லை. "நான் தரையைத் துடைச்சது நெசம். கொக்கு அழுதுச்சா, இவரு எதையாச்சும் கொட்டினாரான்னு எனக்குத் தெரியாது" என்பாள்.

இந்த நிலையில்தான் நான்சி ஒருநாள் போனை நீட்டினாள். "அப்பா, உங்க கொக்கை மறுபடி எடுத்திருக்காங்க. வாரம் ஒரு எபிசோடு."

"அதே கார்ட்டூனா?"

"கார்ட்டூன் இல்லப்பா, அனிமே."

தைரியநாதன் பெஞ்சுக்கு ஓடினார். கொக்கு அழுகிற கட்டம் மட்டும் வரவில்லையென்றால் இனி இந்தப் பெஞ்சில் கதை என்று வாயைத் திறக்க மாட்டேன், டீ உள்ளே போவதற்கு மட்டும் திறப்பேன் என்று எல்லார் முன்னாலும் சபதம் போட்டார். செய்தி வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியம்மாள், "மாதாவே, அந்தக் கட்டத்தை வெட்டியிருக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பழனிசாமி காடாம்புலியூரிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். சுகர் மாத்திரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கொக்கு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்தாப்ல இருக்குது" என்றார் பழனிசாமி.

பழைய கொக்கு தொந்தியும் தொப்பையுமாகப் புகை விட்டுக்கொண்டு நடக்கும். நடந்தால் ஊரிலுள்ள பாத்திரமெல்லாம் உருளும். இது கத்தி மாதிரி மெலிந்து, சத்தமே போடாமல் போனது. மிகோவின் தலைமுடி ஊதாவாகிவிட்டது. அதையெல்லாம் தைரியநாதன் பொறுத்துக்கொண்டார். கொக்கு இரண்டு இறக்கையையும் வெயிலில் விரித்துவைத்து நின்றபோதுதான் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கய்யா கரி? கரி போடலியே!"

"சோலார்ப்பா" என்றாள் நான்சி.

"சோலாரா! யாரோ நம்ம ஊர் மேல கோவம் வெச்சிகினு எடுத்திருக்கான்யா இதை" என்றார் பழனிசாமி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

ஆனாலும் அடுத்த ஞாயிறு பழனிசாமி போன வாரத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கொக்கு மலையுச்சியிலிருந்து குதித்து இறக்கை விரித்தபோது தைரியநாதனின் கை தானாகத் தட்டிவிட்டது. கொசு அடித்ததாகச் சொல்லிச் சமாளித்தார். பழனிசாமி அந்தக் கொசுவைத் தேடிப் பார்த்தார்.

வாரங்கள் போகப் போக, தைரியநாதனுக்கு வேறொரு சந்தேகம் முளைத்தது. பழைய கொக்குக்கு வயிற்றில் அடுப்பு இருந்தது, அழுதது. அடுப்பே இல்லாத கொக்கு எதைக்கொண்டு அழும்? அதைவிடப் பெரிய சந்தேகம், யாரிடமும் சொல்லமுடியாத சந்தேகம்: உண்மையிலேயே அது அழுததா? கணுக்கால் தண்ணீர் அவராகச் சேர்த்தது. மிதந்த செருப்பும் அவர் சேர்த்ததுதான். சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் அடியில் கொக்கு மிஞ்சுமா? ரிட்டயர் ஆன மனிதனுக்கு பெல்ட் இல்லை, ஷிப்ட் இல்லை. பெஞ்சும் வாயும்தான் மிச்சம். வாயும் போனால்?

அந்த வாரம், பழைய கொக்கு அழுததாக அவர் சொன்ன பனிக்காடு வந்தது. தைரியநாதனுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அந்த எபிசோடு.

வெயில் இல்லாத தேசம். கொக்கு தள்ளாடித் தள்ளாடி நடந்து பனியில் குப்புற விழுந்தது. மிகோ தட்டிப் பார்த்தாள். அசைவில்லை.

"பேட்டரி போயிடுச்சி. நாளையிலேர்ந்து நீ டீ மட்டும்தான்" என்றார் பழனிசாமி.

தைரியநாதன் பேசாமல் இருந்து பழகிக்கொள்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மிகோ கொக்கின் வயிற்றுத் தகட்டை நெம்பினாள். ஒயர்களை விலக்கினாள். அதற்கும் உள்ளே, துருப்பிடித்துப்போய், ஒரு சின்ன இரும்புக் கதவு.

"யோவ்" என்றார் பழனிசாமி.

கதவுக்குப் பின்னால் அடுப்பு. பழைய அடுப்பேதான். அதன் மூலையில் யாரோ எப்போதோ விட்டுவைத்த ஒரு பழுப்புக் கரிக்கட்டி. மிகோ அதை இரண்டு கையாலும் எடுத்து ஊதிப் பற்றவைத்தாள். 'கடக்' என்று ஒரு சத்தம். தொந்திக் கொக்கு நடந்த அதே சத்தம். மெலிந்த உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. கொக்கு தலையைத் தூக்கி மிகோவைப் பார்த்தது. கண்ணிலிருந்து கரிப்புகை கலந்து கருப்பாக ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

நான்சி மூக்கை உறிஞ்சினாள். தைரியநாதனுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. பழனிசாமி என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். 'மூஞ்சில ஒட்டிகினு இருந்த பனி உருகுதுய்யா, அழுகையாம் அழுகை' என்பார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

பழனிசாமி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கையும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. மடியிலிருந்த சொம்பு எப்போது கவிழ்ந்ததோ, உருண்டுபோய் டிவி ஸ்டாண்டில் முட்டிக்கொண்டு கிடந்தது. சோபாவின் அடியிலிருந்து தண்ணீர் ஊர்ந்து போய் வாசல் செருப்பைத் தொட்டது.

துடைக்கிற துணியோடு வந்த ஆரோக்கியம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "என்ன இது, ஹால் பூரா தண்ணி? யாரு கொட்டினது?"

தைரியநாதன் பழனிசாமியைப் பார்த்தார்.

பழனிசாமி, துடைக்க வசதியாக இரண்டு காலையும் சோபாவின் மேல் தூக்கிவைத்துக்கொண்டார்.

"யாரும் கொட்டலிங்க அண்ணி" என்றார். "கொக்கு அழுதுச்சி. என் கண்ணால பார்த்தேன்."