யேசுரட்ணத்தின் ஐந்து வாட் பெட்டி

2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் யேசுரட்ணம் இல்ஃபோர்ட்டில் வாங்கிய ஐந்து வாட் வால்வு அம்பிளிபயர், அவர் கிட்டார் வாசிக்கும்போது லண்டனில் சத்தம் போடுவதில்லை. மன்னாரில், அடம்பனில், அவருடைய மனைவி இம்மாகுலேற் எங்கே நின்றாளோ அங்கே சத்தம் போட்டது. பழைய வாத்தியங்கள் விற்கும் கடையில் சோதித்துப் பார்த்தபோதே பெட்டியின் குணம் தெரிந்துவிட்டது. ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி, ஒரே ஒரு குமிழ். பின்னால் இருந்த கண்ணாடி வால்வுகள் சூடேறிச் செம்மஞ்சளாக வர அரை நிமிடம் எடுத்தது. முதலில் கடைக்கார வெள்ளைக்காரர் வாசித்தார். குமிழ் ஐந்தைத் தாண்டியதும் ஒலி ஓரங்களில் பொரிந்து, அழுது முடித்தவர் பாடுவதுபோல வந்தது. பிறகு யேசுரட்ணம் வாசித்தார். ஒன்றும் வரவில்லை. வயரை மாற்றினார்கள், கிட்டாரை மாற்றினார்கள். கடைக்காரர் தொட்டால் பெட்டி பாடியது, யேசுரட்ணம் தொட்டால் மௌனம். சில விரல்கள் அப்படித்தான் என்று சொல்லிக் கடைக்காரர் விலையைக் குறைத்தார். அந்தப் பொரிந்த ஒலியை விட்டுவிட்டு வர மனமில்லாமல், பழகினால் சரிவரும் என்று யேசுரட்ணம் அதைக் குட்மேய்ஸில் தான் இருந்த வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். கலியாணமாகி எட்டாம் மாதம் மனைவியை விட்டு வந்தவர். அகதி வழக்கு முடியாததால் நான்கு வருடமாக அவளைக் கூப்பிட வழியில்லாமல் இருந்தார்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, ஊரில் தங்கள் பங்குக் கோவிலில் பாடும் மாதா பாட்டை அவர் அந்த ஊமைப் பெட்டியில் வாசித்துப் பழகினார். புதன்கிழமை இம்மாகுலேற் மன்னார் ரவுனுக்குப் போய்த் தொலைபேசி எடுத்தாள்.

“சனிக்கிழமை பின்னேரம் மாதா பாட்டு வாசிச்சனீங்களோ?”

“ஓம். உமக்கு ஆர் சொன்னது?”

“குசினியில தண்ணிக் குடத்துக்குள்ள இருந்து கேட்டது. அயலட்டை எல்லாம் வந்து நிண்டு கேட்டவை. மூண்டாவது அடியில ரெண்டு தரம் பிழை விட்டனீங்கள்.”

அவர் விட்டது சரியாக இரண்டு பிழைகள்.

அடுத்த சனிக்கிழமை சனங்கள் குடத்தைக் கோவிலுக்குக் காவிக்கொண்டு போனார்கள். அன்று குடம் பேசாமல் இருக்க, இம்மாகுலேற்றின் குடைக்குள் இருந்து கிட்டார் கேட்டது. ஒலி குடத்தோடு அல்ல, அவளோடுதான் திரிகிறது என்று ஊர் விளங்கிக்கொண்டது. அதன் பிறகு நான்கு வருடம் அடம்பனில் சனிப் பூசைக்கு இசை லண்டனிலிருந்து வந்தது. சுவாமியார் பாட்டுகளின் பட்டியலைக் கடிதத்தில் அனுப்புவார். சத்தம் கூடினால் இம்மாகுலேற் போனில் சொல்லுவாள். யேசுரட்ணம் குமிழை மூன்றில் வைப்பார். தன் வாசிப்பை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குக் கேட்கிறதே, எனக்கு ஏன் என்று இருந்தார். ஆனால் ஒலி போய்ச் சேருகிற இடத்துக்குத் தான் போக ஏலாமல் இருப்பதை நினைத்து, பாட்டு முடிந்த பிறகும் நெடுநேரம் பெட்டியின் சூட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார்.

2007இல் சண்டை அந்தப் பக்கம் திரும்பியது. இம்மாகுலேற் சனத்தோடு சனமாக வடக்கே நடந்தாள். அடுத்த வருடம் கிளிநொச்சியிலிருந்து எடுத்ததுதான் அவளுடைய கடைசித் தொலைபேசி. “பங்கருக்குள்ள இருக்கிறம். மெல்லமா வாசியுங்கோ. ஆனால் விட்டிடாதேங்கோ.” அவர் குமிழை ஒன்றில் வைத்தார். அந்த வருடமே வீட்டுக்காரர் வீட்டை விற்றதால், யேசுரட்ணமும் கூட இருந்த குலசேகரமும் மூன்று தெரு தள்ளி வேறு வீட்டுக்கு மாறினார்கள். குலசேகரம் ஜெர்மனியில் பதினாறு வருடம் மின்வேலை செய்துவிட்டு வந்தவர். புது விலாசத்தைச் சொல்ல இம்மாகுலேற்றுக்குத் தொலைபேசி இல்லை.

2009 பெப்ரவரியில் வால்வு எரிந்து போனது. புதியது வர நான்கு நாள் சென்றது. அந்த நான்கு நாளும் யேசுரட்ணம் சாப்பிட்டதை யாரும் காணவில்லை. குலசேகரம் வால்வைப் பொருத்திவிட்டு விலகி நின்றார். யேசுரட்ணம் ஒரு தந்தியை மீட்டினார். அறையில் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி வேலை செய்யவில்லை என்பதற்காக அவர் அதைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. முகாம் பட்டியல்களில் அவளுடைய பெயர் இல்லை. மரித்த ஆன்மாக்களுக்கான பூசையில் பெயரை வாசிப்போமா என்று லண்டன் கோவிலில் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். குலசேகரமும் ஒருநாள் பொறுக்க முடியாமல், “இனி விடும் யேசு, உம்மட உடம்பைப் பாரும்” என்றார்.

“அவ இல்லையெண்டால் இந்தப் பெட்டி இஞ்ச சத்தம் போடும் அண்ணை. போடேல்லையே.”

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, ஒரு மணி. யேசுரட்ணம் மாதா பாட்டைத் தொடங்கினார். வெளியே, தெருவுக்கு அப்பால், யாரோ அதே பாட்டை மிக மெதுவாக வாசிப்பது கேட்டது. அவர் கையை எடுத்தார், அதுவும் நின்றது. திரும்ப மீட்டினார், அதுவும் தொடங்கியது. பெயர் பதியாமல் இருந்த முகாமிலிருந்து ஆட்களுக்குக் காசு கொடுத்து வெளியேறி, ஐந்து நாடும் ஒரு லொறியும் கடந்து வந்த இம்மாகுலேற், பழைய வீட்டுக் கதவைத் தட்டி, தெரியாத முகங்களைக் கண்டு, ஸ்டேசன் பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அறைக்குள் இருந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. ஒலி தேய்ந்து போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

“அண்ணை, ஓடுங்கோ! நான் கையை எடுக்க ஏலாது!”

அவர் குமிழைப் பத்துக்குத் திருப்பினார். குலசேகரம் சாரத்துக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, செருப்போடு, சத்தம் வந்த பக்கம் ஓடினார். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. யேசுரட்ணம் கண்ணை மூடிக்கொண்டு, பிழைகளோடு, அதே பாட்டை மூன்று தரம் வாசித்தார். நாலாம் தரத்தில் ஒலி திரும்பியது. தெரு முனைக்கு வந்தது, வாசலுக்கு வந்தது, படியேறியது. தன் கோட்டுப் பைக்குள் கிட்டார் அலற, மெலிந்து போன ஒரு பெண் கதவடியில் நின்றாள்.

“முதல் அதைக் குறையுங்கோ” என்றாள் இம்மாகுலேற். “வழி நெடுகச் சனம் பாக்குது.”

அவர் குறைக்கவில்லை; கிட்டாரைக் கழற்றவே மறந்து எழுந்து போனதில் வயர் பிடுங்குப்பட்டு, வீடு அமைதியானது.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவளுடைய அகதி விண்ணப்பத்தை விசாரித்தபோது, கணவரின் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள். அதிகாரி இரண்டு வரியில் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். பின்னர், வேலை செய்யும் அனுமதி வந்ததும், அவள் இல்ஃபோர்ட்டில் ஒரு மீன் கடையில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு, ஐஸுக்கு அடியிலிருந்து, பாரை மீன்களுக்கு நடுவே, கிட்டார் தொடங்கும். வரிசையில் நிற்பவர்கள் சற்றுக் குரலை உயர்த்தி, தலையை எறியவேண்டாம், குழம்புக்குத் துண்டு போடுங்கோ என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள்.